சீனியரின் காலடிக் கணக்கு

அந்தக் குழுவிலேயே புதியவள் அவள்தான். ஆனாலும் முதல் நாளே அவளுக்கு 'சீனியர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மற்ற மாணவர்களுக்கு இருபது, இருபத்தொன்று. அவளுக்கு முப்பத்தாறு. பதினோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, "கொஞ்சம் உட்காருங்க, டாக்டர் வந்துருவாரு" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லிச் சலித்துப்போய், வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் வனவியல் சேர்ந்தவள். வீட்டில் பஸ் ஓட்டும் கணவர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள். "பொண்ணைப் படிக்க வைக்கிற வயசுல இவ படிக்கக் கிளம்பிட்டா" என்று பேசாத சொந்தக்காரர் பாக்கியில்லை. பேசட்டுமே, வாய் வலித்தால் அவர்களுக்குத்தான்.

அந்தப் படிப்பில் நாலு மாதம் வகுப்பு என்றால் அடுத்த நாலு மாதம் ஏதாவது நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை. கோ-ஆப் என்பார்கள். அவளுக்கு வாய்த்தது காட்டு மரங்களைக் கணக்கெடுக்கும் ஒரு நிறுவனம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூன்றாவது வாரத்தில் கோ-ஆப் மாணவர் ஒவ்வொருவரும் காட்டுக்குள் ஒரு கோட்டைத் தனியாக நடந்து முடிக்க வேண்டும். திசைகாட்டி காட்டும் பக்கம் நேராகப் போய், நூறு மீட்டருக்கு ஓர் இடமாக ஐந்து இடங்களில் நின்று, சுற்றியிருக்கும் மரங்களை அளந்து எழுத வேண்டும். சரியாக முடித்தால் மீதி நாளெல்லாம் காடு. சொதப்பினால் மீதி நாளெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதி வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. மறுபடியும் நாலு சுவர், மறுபடியும் ஒரு மேஜை!

குழுவை நடத்துபவளுக்கு வயது இருபத்தைந்துதான். எல்லோருக்கும் அவள் 'லீடர்'. சோதனை நாளன்று காலை எட்டு மணிக்கு வண்டியிலிருந்து இறங்கும்போது சீனியர் அவளிடம், "கிளம்பறேன் மேடம்" என்றாள்.

"ஐயோ அக்கா, மேடம்னு சொல்லாதீங்க. வயசாயிட்ட மாதிரி இருக்கு."

"நீங்க அக்கான்னு கூப்பிட்டா எனக்கு மட்டும் வயசு குறையுதாக்கும்?"

லீடர் சிரித்தாள். சிரித்தாலும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "நாலு மணிக்கு அஞ்சாவது இடத்துக்கு வருவேன். நாலுன்னா நாலுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

காட்டில் தூரத்தைக் காலால் அளக்கிறார்கள். ஐம்பது மீட்டர் நடப்பதற்குள் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று ஒவ்வொருவரும் வேலையில் சேர்ந்த அன்றே எண்ணி வைத்துக்கொள்வார்கள். சீனியரின் எண் முப்பத்தொன்று. இரண்டு வாரமும் யாராவது ஒருவர் முன்னால் போக, இவள் பின்னால் போனதால், அந்த எண்ணுக்கு வேலையே வரவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை. நூறு மீட்டருக்கு அறுபத்திரண்டு எண்ணினாள், நின்றாள், மரத்தில் ஆரஞ்சு ரிப்பனைக் கட்டினாள், அளந்தாள், எழுதினாள். தனியாக, ஒரு முழுக் காட்டுக்குள்! வாயெல்லாம் பல்லாக ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடிக்காத குறையாக அளந்தாள். ஐந்தாவது ரிப்பனைக் கட்டும்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிற போக்கில் வரைபடத்தைப் பார்த்தாள். நானூற்றைம்பதாவது மீட்டரில் ஓர் ஓடை இருக்க வேண்டும் என்றது படம். இவள் நிற்பதோ ஐந்நூறில். வழியில் ஷூகூட நனையவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்னால் தேடினாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. முன்னால் எங்கோ சலசலவென்று சத்தம் கேட்டது.

அப்போதுதான் புரிந்தது. முப்பத்தொன்று என்று அவள் எண்ணியது ஆபீஸ் வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், மழமழவென்ற தரையில். அதுவும் வேலை கிடைத்த முதல் நாள். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவே இல்லை. ஒவ்வொரு அடியையும் எட்டி எட்டித் துள்ளி வைத்திருக்கிறாள்! இங்கே ஏற்றம், புதர், முதுகில் மூட்டை. கால் எப்படி அத்தனை தூரம் எட்டும்? ஐந்து இடமும் தப்பு. அவளுடைய சந்தோஷமே அவளைக் கவிழ்த்துவிட்டது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசி ரிப்பனை ஓடை தாண்டிக் கட்டிவிட்டு, நோட்டு அப்படியே இருக்கட்டுமே என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. மரம் இங்கேயும் மரம்தானே, அங்கேயும் மரம்தானே. "சீ, போ" என்று வாய்விட்டே சொன்னாள். பொய் எழுதி வாங்குகிற காட்டில் எந்த முகத்தோடு நடப்பது?

டப்பாவை மூடினாள். நோட்டில் ஐந்து பக்கத்தையும் குறுக்கே அடித்தாள். கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே தொடங்கிய இடத்துக்கு இறங்கி ஓடினாள். அங்கே, ஏறும் சரிவில் அளவு நாடாவை நீட்டி, மூட்டையோடு மூன்று முறை நடந்து பார்த்தாள். ஐம்பது மீட்டருக்கு முப்பத்தேழு. மணி பன்னிரண்டு ஐம்பது. "சரி, ஒரு கை பாத்துருவோம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவளைப் பார்த்திருக்க வேண்டும்! எழுபத்துநாலு, ரிப்பன், அளவு, எழுத்து; எழுபத்துநாலு, ரிப்பன், அளவு, எழுத்து. முழங்கையில் சிராய்ப்பு, தலையெல்லாம் சருகு. பயமா குஷியா என்று அவளுக்கே தெரியாத ஒரு வேகம். நாலாவது இடத்தைத் தாண்டி அரை தூரம் எண்ணியபோது தொபுக்கென்று கால் தண்ணீருக்குள் போனது. ஓடை! ஷூ நிறையத் தண்ணீரோடு நின்று கத்திச் சிரித்தாள்.

ஐந்தாவது இடத்தில் இன்னும் மூன்று மரம் மிச்சமிருக்கும்போது லீடர் வந்துவிட்டாள். நாலுன்னா நாலுதான்.

"பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள் சீனியர், மூச்சு வாங்க. "மொதல்ல அஞ்சையும் தப்பாப் போட்டேன். என் அடிக்கணக்கு தப்பு. எல்லாத்தையும் அடிச்சுட்டுத் திரும்பப் போட்டேன். இன்னும் மூணு மரம் பாக்கி. முடிக்கலை."

லீடர் நோட்டை வாங்கினாள். அடித்த பக்கங்களைப் புரட்டினாள். குழுவுக்கே ஒன்றாக இருந்த ஜிபிஎஸ் கருவியை எடுத்து ரிப்பனுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"மூணு மீட்டர்தான் வித்தியாசம்" என்றாள் லீடர். நோட்டைத் திருப்பித் தரவில்லை. பேனாவைத் திறந்தாள். "ம், அந்த மூணு மரத்தையும் அளந்து சொல்லுங்க. நான் எழுதறேன்."

"நீங்க எழுதலாமா? பரீட்சையாச்சே?"

"பரீட்சை முடிஞ்சுபோச்சுக்கா. இது வேலை. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி, லேட் பண்ணாதீங்க."

இத்தனை நாள் பழகுகிறவர்களுக்கு வண்டி ஏழு மணிக்கு; ஆபீஸ் திறப்பதோ ஒன்பது மணிக்கு. ஆறு மணி என்றால் காடு! மூன்று மரங்களின் அளவையும் அவள் சொன்ன சத்தத்துக்குக் கிளையிலிருந்த பறவையெல்லாம் கிளம்பிப் போயின.

வண்டியில் ஏறியதும் வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள்.

"கண்ணு, நாளையிலேருந்து நீயே தலை பின்னிக்கணும்டீ. அம்மா அஞ்சு மணிக்கே கிளம்பிருவேன்."

போனைக் கீழே போட்டுவிட்டு மகள் ஓடுவதும், வீடே அதிரக் கத்துவதும் வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"அப்பா! அம்மாவுக்குக் காடு கெடைச்சிருச்சு!"