விதை எடுத்த கை

என் மாமியார் செல்லியம்மாளைக் கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. அடிக்க மாட்டாள், திட்டவும் மாட்டாள். அதுதான் என் தலையெழுத்து. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பேன்.

ஓரிக்கையில் என் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. முழுக்க இருட்டுவதற்குள் என் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று, கீரை விற்க வரும் எல்லம்மாளிடம் சொல்லியனுப்பினாள். ஜட்கா வண்டியில் அரை மணி. மாமியாரிடம் கேட்டேன். தோட்டத்தில் நான் தை மாதம் போட்ட வெள்ளரிக்கொடியைக் காட்டி, போட்ட கை ஊர் தாண்டினால் கொடி காய்க்காது, பழம் பழுத்ததும் போகலாம் என்றாள். சொல்லாமல் போனால் திரும்பி வர வாசல் இருக்காது.

சித்திரையில் பழம் வெடித்தது. விதையை அலசி, சாம்பலில் புரட்டி, முறத்தில் காயவைத்தேன். ஊருக்குக் கட்டிப்போகப் புடவையும் எடுத்து வைத்தேன். அப்போதுதான் சொன்னாள்.

"வெத எடுத்த கைதாம்மா போடணும். வேற கை பட்டா மொளைக்காது. ஆடில போடுற வரைக்கும் ஊர் தாண்டாம இரு."

என் கணவர் வீராசாமியைப் பார்த்தேன். அவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடி அறுந்த இழையைத் தேடினார். எந்த இழையும் அறுந்திருக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடி பிறந்ததும், வீட்டில் யாருமில்லாத வேளையில் விதையை வாணலியில் போட்டு நிறம் மாறாமல் வறுத்தேன். ராசியில்லாத கை என்று பேரெடுத்தால் விட்டுவிடுவாள் அல்லவா? நல்லபிள்ளையாகக் குழி எடுத்துப் போட்டேன், தண்ணீரும் ஊற்றினேன். பத்து நாளாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. எனக்குள் ஒரே கொண்டாட்டம்.

அம்மாவுக்கு இப்போது ஆள் நிழல் மட்டும்தான் தெரிகிறது என்று எல்லம்மாள் வந்து சொன்னாள். உடனே மாமியாரிடம் போய், என் கை பொய்த்துவிட்டது, இனி நான் எதற்கு, போய்விட்டு வருகிறேன் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தாள்.

"கவலப்படாதம்மா. எதுக்கும் இருக்கட்டும்னு நீ எடுத்ததுலயே பாதிய அன்னிக்கே முடிஞ்சு வெச்சேன். இதுவும் உன் கை எடுத்த வெததான். போடு. பழுத்ததும் போயி உங்கம்மாவ பாத்துட்டு வா."

மனசாரத்தான் சொன்னாள். விதைகளை என் உள்ளங்கையில் கொட்டினாள். பழுத்ததும் போவேன். நான் அம்மாவைப் பார்ப்பேன். அம்மா என்னைப் பார்க்க மாட்டாள்.