கிழக்கு மேய்ச்சலுக்கு வந்த நிவாரணம்

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் அந்தக் கோடையில் மழை எட்டியே பார்க்கவில்லை. கருகியது போக மிச்சமிருந்த புல்லை வெட்டுக்கிளி தின்றது. வெர்னா ஸ்காரிடம் எஞ்சியவை நாற்பது பசுக்கள். புருஷன் போன பிறகு ஒண்டியாளாக நின்று தேற்றிய மந்தை. மேய்ச்சல் கருகியவர்களுக்கு அரசாங்கம் தரும் வறட்சி நிவாரணம் வந்தால் குளிர்காலத்துக்குப் புல்கட்டு வாங்கலாம். வராவிட்டால் மாடுகளை விற்கத்தான் வேண்டும்.

மாடுகள் மேய்ந்தது பக்கத்துப் பண்ணை டெல்மர் ரோத்தின் கிழக்கு மேய்ச்சலில். பத்தொன்பது வருஷக் குத்தகை, தாள் கிடையாது. கன்றுகளுக்குச் சூடு போட்ட ஒரு நாளில் கைகொடுத்துப் பேசியதுதான். குத்தகைக்கு ஈடாக வருஷம் ஒரு காளையை அறுத்து, கறியைப் பொட்டலம் கட்டி, டெல்மர் வீட்டு உறைபெட்டியில் அடுக்கிவிட்டு வருவாள். அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பக்கத்துப் பண்ணைக்காரனிடம் கையெழுத்துக் கேட்டால் திருடன் என்று சொன்ன மாதிரி.

விவசாய அலுவலகத்துப் பெண் கணினியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"கிழக்கு மேய்ச்சல் நிவாரணத்துக்கு ஏற்கெனவே பதிவாயிருக்கேம்மா. தன்னோட மாடுதான் அங்க மேஞ்சதுன்னு டெல்மர் ரோத் எழுதிக் குடுத்திருக்காரு."

"அவன் மாடு ஆத்துக்கு அந்தப் பக்கம்ல மேயுது!"

"குத்தகைத் தாள், ரசீது, ஏதாவது இருக்கா?"

"கறியாக் குடுத்தேன்."

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. ஒரு படிவத்தை நீட்டினாள். "குத்தகைதான்னு அவரு இதுல கையெழுத்துப் போட்டாப் போதும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள."

வெர்னா நேரே அங்கிருந்து டெல்மரின் பண்ணைக்கு வண்டியை விட்டாள். ஏதோ தவறாக எழுதியிருப்பான், சொன்னால் திருத்திவிடுவான் என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள், பாவம்.

"வா வா வெர்னா! கையோட ஒரு மேகத்தையாவது கூட்டிட்டு வந்தியா?" என்றான் டெல்மர். படிவத்தை வாங்கி இரண்டு முறை படித்தான். சிரிப்பு போய்விட்டது.

"இதுல கையெழுத்துப் போட்டா நான் அங்க பொய் சொன்னதா ஆயிடுமே."

"பொய்தானே சொன்ன?"

"எனக்கும் கஷ்டம்தான். நிலம் என்னோடது. உன் மாடு வந்துச்சு, பக்கத்து வீடாச்சேன்னு விட்டேன்."

"சும்மாவா விட்ட? பத்தொன்பது காளை, டெல்மர்!"

"அது நீ பிரியமாக் குடுத்தது. நாங்களும் பிரியமாத்தான் சாப்பிட்டோம்."

அவள் புருஷனின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று தோள் கொடுத்தவன் இவன். பணத்தை எடுத்துக்கொண்டதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஆனால் நிமிர்ந்து நின்று கட்டிய குத்தகையை அவன் ஒரே வார்த்தையில் தன் தயவாக்கிவிட்டான். படிவத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். வெள்ளிக்கிழமையும் வந்து போனது.

அக்டோபரில், விற்ற மாடுகளை லாரி ஏற்றும் நாள். யார் வீட்டில் லாரி வந்தாலும் அக்கம்பக்கத்தார் கூப்பிடாமலே குதிரையோடு வந்துவிடுவது அங்கே வழக்கம். டெல்மரும் வந்தான். போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாற்பதையும் அவன்தான் முன்னால் நின்று ஓட்டி ஏற்றினான்.

லாரி புழுதி கிளப்பிக்கொண்டு மேட்டைத் தாண்டிப் போனது. டெல்மர் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தான்.

"வசந்தத்துல மழை பெஞ்சா கிழக்கு மேய்ச்சல் தழைச்சுரும், வெர்னா. எப்பவும் போல உன் மாட்டை விட்டுக்கோ, என்ன?"

வெர்னா அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எந்த மாட்டை, டெல்மர்?"