ஆளை விடு

என் தங்கச்சி ரெண்டு மாடி உயரத்துல ஒரு நீளத் துணியைப் பிடிச்சுத் தொங்கி ஆடுறவ. அந்தத் துணியைக் கட்டின கயிறு மேல கப்பி வழியா வந்து, கீழ அவ புருஷன் கையில இருக்கும். எப்போ என்ன செய்யணும்னு சொல்றது அக்கா நான். வேலை நேரத்துல மாப்பிள்ளைங்கிற மரியாதையெல்லாம் கிடையாது. 'இழு', 'பிடி', 'விடு', அவ்வளவுதான். அவரும் யோசிக்காம செய்வார். கடைசியில அவ துணியை இடுப்புல சுத்திக்கிட்டதும் நான் 'விடு'ம்பேன். அவர் கயிறை ஓடவிட்டு, தலை உயரத்துல நிறுத்துவார். சுத்தாதப்ப விட்டா, நேரா கல்தரைதான்.

எனக்கு அந்த மனுஷனைக் கண்டாலே ஆகாது. எங்க சாமானை இறக்க வந்த லாரிக்காரர், எங்க வீட்டு மாப்பிள்ளையாவே இறங்கிட்டார். உயிரை இவர் கையில குடுக்காதேடி, நல்ல ஆளா பார்ப்போம்னு தங்கச்சிகிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே.

நகரத்துக் கோடை விழா. சதுக்கத்துல ஒரு மூலையில பொம்மலாட்டம், இன்னொரு மூலையில பேசாத நாடகம், நடுவுல நாங்க. எதிர்ல கவிதை மேடை. கேக்க ஆளே இல்லைன்னு அதைச் சீக்கிரமே மூட்டை கட்டிட்டாங்க. அடுத்து அங்க மேளக்காரங்க.

விழா ஆபீஸ்காரர் கழுத்து அட்டை ஆட ஆட ஓடி வந்தார். மேளம் இப்பவே ஆரம்பிக்குதாம், நாங்க உடனே முடிக்கணுமாம். தங்கச்சி மேல ஒத்தைக் கையில தொங்கிட்டிருந்தா. பாதியில இறக்க முடியாதுன்னேன். மனுஷன் நகர்ந்தாத்தானே. காதுகிட்ட நின்னு நைநைன்னு அரிச்சார். அடுத்த வருஷம் உங்களுக்கு இடம் கிடையாதுன்னார். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

"இல்லாட்டிப் போ. ஆளை விடு!"

கயிறு ஓடுச்சு.

மாப்பிள்ளை காதுல விழுந்தது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான். ஆபீஸ்காரர்கிட்ட மரியாதையா 'விடுங்க'ன்னு சொல்லியிருந்தாக்கூட மாப்பிள்ளை அசைஞ்சிருக்க மாட்டார். நான் "பிடி"ன்னு கத்துறதுக்குள்ள அவ ஒரு மாடி இறங்கிட்டா. அவர் மேல பார்த்தார், கயிறை இறுக்கினார். கையுறை கிழிஞ்சு உள்ளங்கைத் தோல் உரிஞ்சது. தங்கச்சி அந்த ஒத்தைக் கையிலயே ஊசலாடினா. கூட்டம் கை தட்டுச்சு. ஆபீஸ்காரரும் தட்டினார், பாவி.

அவ எப்படியோ துணியை இடுப்புல சுத்திக்கிட்டு, தலையை ஆட்டினா. இப்போ சொல்லணும். அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல எனக்குத் துணிவு வரல. அவ தோள் வெடவெடங்குது. கயிறுல ரத்தம்.

மாப்பிள்ளை மேலேயிருந்து கண்ணை எடுக்கல. "சொல்லுங்கக்கா. நீங்க சொல்லாம விடமாட்டேன்."

சொன்னேன். அவ சுழண்டு வந்து, தலை உயரத்துல பத்திரமா நின்னா.

ஆட்டம் முடிஞ்சு ஓரமா வந்ததும் அவ, ஏன் முன்னாடியே விட்டீங்கன்னு புருஷனைக் கேட்டா. அவர் கையைப் பின்னால மறைச்சுக்கிட்டு, வழுக்கிடுச்சுன்னார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீ சொன்னது சரிதான்க்கா. கயிறு பிடிக்க வேற ஆளைப் பார்த்துடலாம்."

தங்கச்சி சொல்ல மாட்டாளான்னு நான் ஏங்கின வார்த்தை. தானா வந்து மடியில விழுந்துச்சு. வாயை மூடிக்கிட்டிருந்தாப் போதும்.

"வழுக்கினது அவர் கை இல்லடி"ன்னேன். "என் வாய்."