வாறன் என்று இறங்கியவர்

"இண்டைக்கும் கப்பல் பார்க்க வெளிக்கிட்டாச்சோ? என்னையெண்டால் இப்பிடித் தேடுவியளோ?" என்று கிருபாமலர் கேட்டாள்.

"கெதியா வந்திடுவன்," என்றார் அந்தோனிமுத்து. பதினாலு வருடமாக இதே கேள்வி, இதே பதில். மனைவிக்கு அலுத்துவிட்டது, இவருக்கு இன்னும் இல்லை.

கோப்பன்ஹேகனுக்குக் கோடையில் கப்பல் வருவது புதினமில்லை. ஆயிரக்கணக்கில் ஆட்களை ஏற்றிவரும் மாடிக்கட்டடங்களை அவர் கப்பல் என்றே மதிப்பதில்லை. அவருக்குக் கப்பல் என்றால் தான் வேலைசெய்த பிரெஞ்சுக் கம்பனியின் ஆறு சின்ன உல்லாசக் கப்பல்கள்தான். இருநூறு பணக்காரர், அவர்களைத் தாங்க நூற்றைம்பது பேர். ஆறும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். எதில் மாற்றிவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சலவை அறைக்குப் போகலாம். அந்தச் சலவை அறைகளில் பன்னிரண்டு வருடம் மேசைத்துணிகளை இஸ்திரிபோட்டு மினுக்கியவர் அவர். வெக்கை உயிரை எடுக்கும். ஆனாலும் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்தது அங்கேதான். பக்கத்தில் நின்று மினுக்கியவன் யானிக். இருவருக்கும் ஒரே அறை. இவருடைய சம்பலைத் தின்று கண்ணீர் விட்டுவிட்டு, மறுபடியும் கை நீட்டுவான்.

இங்கிருந்த கிருபாமலரோடு கலியாணம் சரிவந்து, கோப்பன்ஹேகனில் கப்பலைவிட்டு இறங்கிய அன்று, இனித் திரும்பி வரப்போவதில்லை என்பதை யானிக்கிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. மேலாளருக்கு மட்டும்தான் தெரியும். படியில் இறங்கும்போது, நம் ஆட்கள் சொல்லும் 'வாறன்' என்பதை அப்படியே பிரெஞ்சில் போட்டார்: "ஜாரீவ்." போறன் என்று சொல்ல நமக்கு எங்கே நா எழும்பும்? பிரெஞ்சுக்காரனுக்கோ அதற்குப் பொருள், 'இதோ, இந்த நிமிஷமே வந்துவிடுகிறேன்.'

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் லாங்கலீனித் துறையில் நின்று, இறங்கும் பணியாளரிடம் யானிக்கை விசாரிப்பார். வேறு கப்பலில் என்பார்கள். முகநூலில் தேடலாமே என்றால், யானிக் அந்த இனமில்லை. அவன் தன்னை மன்னிப்பானா என்பதுதான் இவருக்கிருந்த ஒரே கவலை. இன்றைக்கு ஒரு பெண்பிள்ளை, "இருக்கிறார், கூப்பிடட்டுமா?" என்றாள்.

இறங்கிவந்த யானிக் நரைத்திருந்தான். கட்டிப்பிடிக்கவில்லை.

"இந்த நிமிஷமே வருகிறேன் என்றாய்," என்றான். "படியைத் தூக்காதே, என் ஆள் வருகிறான் என்று மாலுமிகளோடு சண்டை பிடித்தேன். பத்து நிமிஷம் கப்பலை மறித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்."

தன் மொழியில் விடைபெறுவதே அப்படித்தான் என்று அந்தோனிமுத்து தட்டுத்தடுமாறி விளங்கப்படுத்தினார். பிறகு உண்மையையும் சொன்னார்: "சொல்லில் பிழையில்லை. எனக்குத்தான் துணிவு வரவில்லை."

யானிக் முறைத்துப் பார்த்தான். பிறகு அடக்க முடியாமல் சிரித்தான். "பதினாலு வருஷம் உன்னைத் திட்டியிருக்கிறேனே, கழுதை!" என்று தோளில் குத்தினான். துறைக் கல்லில் இருந்துகொண்டு பழைய ஆட்களை ஒவ்வொருவராக இழுத்துக் கதைத்தார்கள். அடுத்த மாதத்தோடு வேலையை விடுகிறான், இந்தப் பக்கம் இனி வரமாட்டான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கப்பல் சங்கு ஊதியது. யானிக் எழுந்தான். பழைய சொல் அந்தோனிமுத்துவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஊரைவிட்டு வந்தபோது அம்மாவிடம்கூட அவர் போறன் என்று சொன்னதில்லை. ஆனால் இந்த மனுசனை இன்னொருமுறை காக்க வைக்கக் கூடாது.

"நான் போகிறேன்," என்றார் பிரெஞ்சில்.

யானிக் அவருடைய கையை இறுகப் பிடித்தான்.

"நன்றி," என்றான்.