சைவ வீட்டுக் கள்ளிப்பூ

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் மீன்காரி கூவிக்கொண்டு வந்தால், கோமதிநாயகம் பிள்ளை வீட்டு வாசற்கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். மீன் தானாக உள்ளே நடந்து வந்துவிடும் என்ற பயம் அவருக்கு இல்லை. கதவு சாத்துகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளை திருநெல்வேலிச் சைவ வேளாளர். பழவங்காடியில் பெருங்காயக் கடை போட்டு, தலை நரைத்தும் போயிற்று. ஆனாலும் ஊரில் இருக்கும் சொந்தபந்தங்களுக்கு அவர்மேல் இருந்த சந்தேகம் மட்டும் நரைக்கவில்லை. 'மலையாளத்துக்குப் பிழைக்கப் போனவன் எத்தனை நாளைக்கு மீன் திங்காம இருப்பான்?' என்று கல்யாணப் பந்திகளில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அவர் வீட்டு அடுப்பில் தேங்காயெண்ணெய் ஏறியதில்லை. மீன் பொரிக்கிற எண்ணெயாம் அது. நல்லெண்ணெய், டின் டின்னாகச் செங்கோட்டை வழியாக ரயிலில் வந்து இறங்கும்.

இப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் உலகம்மாள் வளர்த்ததோ ஒரு கள்ளி.

அவளோடு பள்ளியில் படித்த செல்லபாய்தான் அதைக் கொடுத்தாள். செல்லபாய் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். இப்போது திருவனந்தபுரத்திலேயே வாத்திச்சி. அவள் அண்ணனுக்குப் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கே துரை பங்களாவில் தொட்டியில் வளர்ந்த செடியில் ஒரு தண்டை ஒடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். விரல் தடிமன், நாலு பட்டை, பட்டையோரத்தில் பல் பல்லாக வெட்டு. இலை கிடையாது. பார்த்தால் குத்தும்போல இருக்கும், தொட்டால் வெண்டைக்காய் போல மெத்தென்று இருக்கும்.

"பூத்தா நட்சத்திரம் மாதிரி இருக்குமாம். நான் பாத்ததில்ல. நீ பாத்தாச் சொல்லு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ, தண்ணி ஊத்தியே கொன்னுராதே" என்று சொல்லிவிட்டுப் போனாள் செல்லபாய்.

அப்படியேதான் கொன்றார்கள். கொன்றது உலகம்மாளின் அம்மா. செடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவள் துளசிக்கு ஊற்றும்போதெல்லாம் இதற்கும் ஒரு செம்பு ஊற்றினாள்; அடித்தண்டு கறுத்து, கூழாகிச் சரிந்தது. உலகம்மாள் அழவில்லை. கெடாமல் இருந்த நுனியை மட்டும் அரிவாள்மணையில் அரிந்தாள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் போட்டு வைத்தாள். உடைந்த ஓட்டுச் சில்லு, ஆற்று மணல், அடுப்புக்கரி எல்லாம் கலந்து தொட்டியை நிரப்பி, அதில் நட்டாள். மண் முழுக்கக் காய்ந்து, தண்டு லேசாகச் சுருங்கின பிறகுதான் தண்ணீர். மாவுப்பூச்சி அப்பினால் புகையிலைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு பட்டையாகத் துடைப்பாள். மழை பிடித்துக்கொண்டால் தொட்டி வீட்டுக்குள் வந்துவிடும்.

"கள்ளி சுடுகாட்டுல வளருதது. வீட்டுல எதுக்குட்டி?" என்று பிள்ளை சத்தம் போட்டார்.

"முள்ளு இருந்தாத்தான கள்ளி? தொட்டுப் பாருங்கப்பா" என்றாள்.

அவர் தொட்டும் பார்த்தார். முள் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போய்விட்டார்.

உலகம்மாளுக்கு அந்தச் செடிமேல் ஏன் அவ்வளவு பிடிவாதம் என்றால், அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. படிப்பை நிறுத்தினார்கள், சரி என்றாள். வெளியே போகாதே என்றார்கள்; சரி என்றாள். இரண்டு வரன்கள் வந்து, தட்டிப்போயின. அதற்கும் தலைகுனிந்து நின்றாள். இந்த ஒன்றுதான் அவள் சொன்னபடி வளர்ந்தது. செத்ததை அவள் பிழைக்க வைத்தது. அது பூத்துப் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தாள்.

ஐப்பசி மழையில்தான் அது மொட்டு வைத்தது. மொட்டென்றால் சாதாரண மொட்டில்லை, ஊதின பை போல ஒன்று தண்டின் அடியில் தொங்கியது. அதே வாரத்தில் மூன்றாவது வரனும் வந்தது.

வந்தவள் பிச்சம்மாள். கோமதிநாயகம் பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. மகன் சங்கரலிங்கத்துக்குப் பாளையங்கோட்டையில் உத்தியோகம். அவனையும் கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு ரயிலேறித் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி, கொட்டுகிற மழையில் ஜட்காவில் வந்து சேர்ந்தார்கள். மழைக்காக ஜன்னல்களெல்லாம் அடைத்திருந்தன. கூடத்து ஜன்னல் மாடத்தில் கள்ளித் தொட்டி இருந்தது. 'கள்ளியைக் கண்டா முகத்தைச் சுளிப்பாக' என்று அம்மா அதன் முன்னால் ஒரு திரையை இழுத்து விட்டிருந்தாள்.

உலகம்மாள் பட்டுச்சேலையில் வந்து நமஸ்காரம் செய்தாள். சங்கரலிங்கத்தை ஒரு தடவை பார்த்தாள். பரவாயில்லை, சாதுவான முகம். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. பிச்சம்மாள் பஜ்ஜியை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். மூக்கு விடைத்தது.

"என்னமோ வாடை வருதே, தம்பி?"

பிள்ளைக்கும் வந்தது. "மழைல்லா அக்கா, எலி கிலி செத்துக் கிடக்கும்" என்று எழுந்தார். பரணில் ஏறிப் பார்த்தார். அரிசி மூட்டையைப் புரட்டினார். கட்டிலுக்கடியில் குனிந்தார். எலி எங்கேயும் சாகவில்லை. பச்சை நிறத்தில் பெரிய பெரிய ஈக்கள் எங்கிருந்தோ வந்து கூடத்தில் சுற்றத் தொடங்கின. வாடை நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறியது.

"தாகமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு பிச்சம்மாள் நேராக அடுக்களைக்குள் போனாள். தாகம் தண்ணீர்ப் பானையோடு நிற்கவில்லை. சாம்பார்ச் சட்டி, ரசப் பாத்திரம், உறியில் தொங்கிய மோர், மூலையில் கவிழ்த்து வைத்த மண்சட்டி என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். உலகம்மாளின் அம்மா சுவரோடு சுவராக நின்றாள். வீட்டுக்காரி கண்ணெதிரே வந்தவள் சட்டியைத் திறப்பதைப் பார்த்தபோதுதான் உலகம்மாளுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. நல்ல கோபம், உச்சியில் ஏறிய கோபம்.

பிச்சம்மாள் கூடத்துக்குத் திரும்பி வந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மறைக்க வேண்டாம், தம்பி. இது கருவாட்டு வாடை. ஊர்ல சொல்லுதது நெசந்தான். உம் பேச்சுல மலையாளம் வரும்போதே நெனச்சேன்."

பிள்ளை ஆயுசு முழுக்க எந்தச் சொல்லுக்குப் பயந்தாரோ அந்தச் சொல் அவர் வீட்டு நடுக்கூடத்திலேயே விழுந்துவிட்டது.

"அத்தை" என்றாள் உலகம்மாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவது எல்லாருக்கும் புதிது. "எங்க வீட்டுல யாருக்கும் இது என்ன வாடைன்னு தெரியல. நீங்க மோந்ததுமே பேரைச் சொல்லிட்டீகளே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கொழுந்தன் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பிச்சம்மாள் பதில் தேடுவதற்குள் உலகம்மாள் ஈக்கள் போகிற திசையைப் பார்த்துவிட்டாள். எல்லாம் திரைக்குப் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தன. அவளுக்குச் சட்டென்று புரிந்தது. ஓடிப்போய்த் திரையை விலக்கினாள்.

பூத்திருந்தது. விரித்த உள்ளங்கை அளவு, ஐந்து இதழ். மங்கின மஞ்சளில் உறைந்த இரத்த நிறத்துப் புள்ளியும் வரியுமாக, ஓரமெல்லாம் பூனை மயிர். அழகா, அசிங்கமா என்று சொல்லத் தெரியாத ஒரு பூ. அதன் நடுவில்தான் அந்த ஈக்கள் மொய்த்தன. அழுகின மாமிசத்தின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உலகம்மாள் மூக்கைப் பொத்தவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதுதான் உங்க கருவாடு. வந்து பாருங்க. என் செடி பூத்திருக்கு."

கொழுந்தன் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்னால் துள்ளினார். "அட எழவே! பூதான், மைனி. பூவேதான்."

பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிச்சம்மாள் எட்ட நின்றே எட்டிப் பார்த்தாள். தப்பாகப் பேசிவிட்டோம் என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை.

"பூவோ பீயோ, சைவ வீட்டுல இருக்கிற வஸ்துவா இது? தூக்கிக் குப்பையில எறி. புள்ளையத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வரச் சொல்லு. பொறவு மத்தது பேசுவோம்."

"இந்தா, இப்பவே அக்கா" என்று பிள்ளை தொட்டிக்குக் கை நீட்டினார். அதற்குள் உலகம்மாள் தொட்டியை மார்போடு சேர்த்து எடுத்துக்கொண்டாள். பட்டுச்சேலையில் கரியும் மண்ணும் ஒட்டியது.

"எறிய மாட்டேன்."

"கொண்டாட்டி இங்ஙன!"

"யப்பா, இதை எறிஞ்சா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாக? பூவாம் பூ, எங்க, காட்டச் சொல்லும்பாக. காட்டுததுக்கு உங்க கையில என்ன இருக்கும்? மீன் தின்னதை மறைக்கக் கதை கட்டுதான்னுதான் சொல்லுவாக."

நீட்டின கை அந்தரத்தில் நின்றது.

"அதுவும் போகட்டும்" என்றாள். "உங்க மானத்துக்காக மட்டும் சொல்லல. இது நான் வளத்தது. செத்துப்போனதை நான் பொழைக்க வச்சது. நாறட்டும். நாறினாலும் என்னோடது."

பிச்சம்மாள் எழுந்து நின்றாள். "அப்போ ஒரே பேச்சு. செடியா, கல்யாணமா?"

உலகம்மாள் சங்கரலிங்கத்தைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இதுவும் தட்டிப்போனால் நாலாவது வரன் எப்போது வரும், வருமா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. பொய் சொல்வானேன், பயமாகத்தான் இருந்தது.

"செடிதான்" என்றாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிச்சம்மாள் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"இந்த வீட்டுல என்ன வாடை அடிச்சுதோ அதை ஊர்ல போய் அப்படியே சொல்லுவேன், தம்பி. வாடையத்தான் சொல்லுவேன். பூவைச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தா?"

பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளிடம் வந்தார். உலகம்மாள் தொட்டியை இறுக்கிக்கொண்டாள். "தாட்டி, எறிய மாட்டேன்" என்றார் மெதுவாக. அவள் அவர் கண்ணைப் பார்த்தாள், கொடுத்தாள்.

அவர் தொட்டியோடு வாசலுக்குப் போனார். பிச்சம்மாள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வாடையச் சொல்லு அக்கா, வேண்டாங்கல. கிட்ட வந்து நல்லா மோந்துட்டுப் போய்ச் சொல்லு. அரைகுறையாச் சொன்னா ஊர்ல நம்ப மாட்டாக."

பிச்சம்மாள் ஜட்காவில் ஏறின வேகத்தில் குதிரை மிரண்டது.

சத்தம் கேட்டுச் சந்தில் வாசலுக்கு வாசல் தலைகள் நீண்டிருந்தன. எதிர் வீட்டு வேதமாணிக்கம் மூக்கைச் சுளித்தபடி, "எந்தா பிள்ளே, என்ன நாத்தம்?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் பிள்ளை நடுங்கிப்போய்க் கதவைச் சாத்தியிருப்பார். இன்று அவர் படியிறங்கினார், கொட்டுகிற மழையில், தொட்டியோடு.

"எம்மவ வளத்த பூ! வந்து மோந்து பாரும் வேய்! எல்லாரும் வாங்க, வந்து மோந்து பாத்துட்டுப் போங்க!"

உலகம்மாள் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அப்பாவின் தலைக்கு மேலே பிடித்தாள். அவர் அதைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"எனக்கு எதுக்குட்டி? செடிக்குப் பிடி. நனைஞ்சா அழுகிரும்."

அவள் செடிக்குப் பிடித்தாள். அவர் தொப்பலாக நனைந்துகொண்டே வேதமாணிக்கம் வீட்டுப் படியில் ஏறினார்.