மூச்சை விடலாம்

"தாடைய மேல தூக்குங்க. கைய இடுப்புல வைங்க. தோள முன்னால தள்ளுங்க, இன்னும் கொஞ்சம். மூச்ச இழுத்துப் புடிங்க... விடலாம்."

ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை இதைச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. எக்ஸ்ரே அறையில் பதினாறு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி ஆஸ்பத்திரியில் அவனுக்கு மூச்சண்ணன் என்றே பெயர் விழுந்துவிட்டது. தோளை முன்னால் தள்ளச் சொன்னால் யாரும் லேசில் கேட்க மாட்டார்கள். கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்துவார்கள். தோள் வளைந்தால்தான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும் என்று அவன் நின்று காட்டுவான். காட்டுவதற்கு அவன் மெனக்கெட வேண்டியதில்லை. பதிமூன்று வயதிலிருந்து அவன் அப்படித்தான் நிற்கிறான்.

பையன்களுக்குத் தட்டையாக இருக்க வேண்டிய இடம் அவனுக்கு அந்த வயதில் வளர்ந்துவிட்டது. ஓடிப் பார்த்தான், பட்டினி கிடந்து பார்த்தான், இடுப்புதான் இளைத்தது. பனியனுக்கு மேல் பனியன், அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை. நாளெல்லாம் ஊரான் சட்டையைக் கழற்றச் சொல்கிறவன், எட்டு வருடக் குடித்தனத்தில் மனைவி முன்னால்கூட வெளிச்சத்தில் கழற்றியதில்லை. அவளும் ஏனென்று கேட்டதில்லை. அதில் அவனுக்கு நன்றியும் இருந்தது, வருத்தமும் இருந்தது.

வீட்டில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அந்த நெஞ்சின்மேல் கொள்ளை ஆசை. நான்கு வயது மகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மல்லாந்து படுத்தால் போதும், ஏறி வந்து கன்னத்தைப் பதித்துக்கொள்வாள். "அப்பா தலகாணி" என்பாள். அவன் கூசிப்போய்ப் பனியனை இழுத்துவிடுவதற்குள் தூங்கியிருப்பாள்.

போன வருடம் ஊழியர்கள் எல்லோருக்கும் பரிசோதனை என்றார்கள். கூட வேலை செய்கிறவனைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, பனியனோடு தானே போய் நின்றான். மறுநாள் மாடியிலிருந்து அவன் படம் திரும்பி வந்தது. கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்று சத்தமாகச் சொன்னாள்:

"அண்ணே, மேல படம் பாக்குற டாக்டர் திருப்பி அனுப்பிட்டாரு. பேரு மாறிப்போச்சாம். இது பொம்பளப் படமாம்."

வெளியே பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் படத்தை வாங்கி வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தான். நுரையீரலின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் வளைவாக, மங்கலான நிழல். டாக்டர் மேல் தப்பே இல்லை, அவனாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

"ஆமாக்கா, மாறிடுச்சு. வேற அனுப்புறேன்" என்றான்.

கதவைச் சாத்திக்கொண்டு, துணிப்பட்டையால் நெஞ்சை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி எடுத்தான். மாடிக்குப் போன அந்தப் படம் திரும்பி வரவில்லை. பழையதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தான். அடுத்த மாதமே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தான்.

"என்ன எதிர்பாக்குறீங்க?" என்று கேட்டார் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா.

"படம் திரும்பி வரக் கூடாது டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. "தட்டையாக்கிடலாம். தழும்பு இருக்கும். தொட்டா மரத்த மாதிரி இருக்கும். சிலருக்கு அது முழுசா சரியாகாமயும் போகலாம்." அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். காதில் விழுந்தது 'தட்டை' மட்டும்தான்.

ஆறு வாரம் இறுக்கமான உள்ளங்கி. அதற்குப் பிறகு ஒற்றைச் சட்டையோடு வேலைக்குப் போன நாளில், உலகமே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தான். "இளைச்சுட்டீங்களே அண்ணே, சுகர் பாத்தீங்களா?" என்றான் கூட வேலை செய்கிறவன். அவ்வளவுதான். தானாகவே ஒரு படம் எடுத்து மாடிக்கு அனுப்பினான். 'இயல்பு' என்று எழுதி வந்தது. இருபத்தைந்து வருடம் காத்திருந்த நாலெழுத்து. மூன்று தரம் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். உள்ளே எதுவும் குதிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி முன்னால், விளக்கைப் போட்டுச் சட்டையைக் கழற்றினான். அவள் தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

அவள் விரல் படுவதே தெரியவில்லை என்பதை அவன் சொல்லவில்லை.

"நல்லாருக்குங்க" என்றாள். பிறகு, "முன்னாடி நல்லால்லன்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். எட்டு வருடத்துக்கும் சேர்த்து அழுததுபோல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டை இல்லாமல், பனியனும் இல்லாமல், முதல்முறையாக வெறும் நெஞ்சோடு கூடத்தில் படுத்தான். இரண்டு மாதமாக 'அப்பாவுக்குப் புண்ணு' என்று தள்ளி வைக்கப்பட்டிருந்த மகள் ஓடி வந்து ஏறினாள். கன்னத்தை வைத்தாள். மறுகன்னத்தை வைத்தாள். எழுந்து உட்கார்ந்து கையால் தட்டிப் பார்த்தாள்.

"தலகாணி எங்கப்பா?"

"டாக்டர் எடுத்துட்டாங்கம்மா."

"ஏன்?"

அவன் அவள் தலைமுடியைக் கோதிவிட்டான்.

"திருப்பிக் குடுப்பாங்களா?"

"இல்லம்மா."

அவள் இறங்கிப் போனாள். அம்மாவிடம் போகிறாள் என்று நினைத்தான். பார்த்தால், உள்ளறையிலிருந்து தன் உயரத்துக்கு ஒரு தலையணையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வருகிறாள். அதைத் தூக்கி அவன் நெஞ்சின்மேல் போட்டாள். நாலு தட்டுத் தட்டிச் சரி செய்தாள். ஏறிப் படுத்துக்கொண்டாள்.

"இப்பதான் நல்லாருக்கு" என்றாள்.

தூங்கிவிட்டாள். தலையணைக்கு அந்தப் பக்கம் அவள் கன்னம் இருந்தது. இந்தப் பக்கம் அவனுக்குப் பாரம் மட்டும் தெரிந்தது, சூடு தெரியவில்லை. படுத்த வாக்கிலேயே அவன் தோள்கள் தானாக முன்னால் வளைந்தன. தலையணை அசைந்து அவள் விழித்துவிடக் கூடாதென்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விடலாம் என்று யாராவது சொல்வார்கள் என்பதுபோல, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.