ஒத்தைப்பனைக் கருப்பின் பங்காளி

மகிழன் ஓட்டும் பைக் அவன் பேரில் இல்லை என்பது, உத்தமபாளையம் பைபாஸில் போலீஸ் மறித்த அன்றுதான் பவானிக்குத் தெரிந்தது. வண்டி பிச்சைமணி பேரில் இருந்தது. பிச்சைமணி அவனுக்கு வேலை கொடுக்கும் பெயிண்டிங் காண்டிராக்டர், ஜெயமங்கலத்துக்காரர். போலீஸ்காரர் அவரிடம் போனில் பேசிவிட்டு வண்டியை விட்டார். ஆனால் அதற்கு முன் மகிழனை மட்டும் புளியமரத்தடிக்குக் கூட்டிப் போய் ஏதோ விசாரித்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னான். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன கேட்டாரு?"

"எந்த ஊருன்னு கேட்டாரு."

"அதுக்கா இம்புட்டு நேரம்?"

"அவருக்கு வேல இல்ல போல."

சின்னமனூரில் அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்து அவளோடு பழகியவன் அவன். ஊர் ஜெயமங்கலம் என்றுதான் அவளிடமும் சொல்லியிருந்தான். பைபாஸ் சம்பவத்துக்குப் பிறகு அவள் அவனைக் கவனிக்கத் தொடங்கினாள். அவன் செல்போனின் சிம்கார்டு வேறொரு நண்பன் பேரில் இருந்தது. மாதத்தில் இரண்டு நாள் போனை அணைத்துவிட்டு எங்கோ போய்விடுவான். குமுளிக்குப் போய் வரலாம் என்றால் ஏதாவது காரணம் சொல்வான். செக்போஸ்ட் இருக்கும் பக்கமே வரமாட்டான். அம்மாவிடமிருந்து போன் வந்தால் எழுந்து தூரமாய்ப் போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவான். அம்மாவிடம் பேசுவதற்கு எவன் வாயை மூடுவான்? ஜெயமங்கலத்தில் அவனுக்கு ஒரு மனைவி இருக்கிறாள் என்று பவானி முடிவு செய்தாள். ஒரு பிள்ளைகூட இருக்கலாம்.

அவள் போட்ட திட்டம் எளிமையானது. அது 2009, சிவராத்திரி வரப்போகிறது, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். நல்ல பெயிண்டர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி மகிழனை வீட்டுக்கு வரவழைத்தாள். மற்றதை அம்மா பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியும். சங்கிலியம்மாள் மீட்டர் பார்க்க வருகிறவரிடம்கூடப் பூர்வீகம் விசாரிக்காமல் விடமாட்டாள்.

முதல் நாள் மத்தியானமே அது நடந்தது. சங்கிலியம்மாள் கூடத்தில் உட்கார்ந்து திராட்சைக் குலைகளில் அழுகலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். மகிழன் ஏணியில் நின்றான்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"ஜெயமங்கலங்க."

"அங்கன யாரு வீடு?"

"பிச்சைமணி அண்ணன் இருக்காகள்ல, அவுக வகையறாதாங்க."

"எந்தச் சாமி கும்புடுறீக?"

பிரஷ் சுவரில் நின்றது. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பவானியின் கையும் நின்றது.

"ஒத்தைப்பனைக் கருப்பு," என்றான் மகிழன்.

சங்கிலியம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள். "அட, பங்காளியாடா நீ!" என்று சிரித்தாள். "ஏலே சுருளி, இங்கன வா. நம்ம வீட்டுப் பிள்ள வெளியாள் மாதிரி ஏணியில நிக்கிறான் பாரு."

திராட்சை லோடு வேன் ஓட்டும் அண்ணன் சுருளிவேல் வந்து பார்த்தான். "பங்காளின்னா கூலி பாதிதான்டா, தெரியும்ல?" என்றான்.

"இனிமே அம்மான்னு கூப்புடாத, பெரியம்மான்னு கூப்புடு. ஏத்தா பவானி, அண்ணனுக்கு எலயப் போடு," என்றாள் சங்கிலியம்மாள்.

இந்த வீட்டில் அவன் சங்கிலியம்மாளை அத்தை என்று கூப்பிடும் நாளைத்தான் பவானி இத்தனை மாதமும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது. அவள் இலை போட்டாள். சோறு வைத்தாள்.

"அண்ணனுக்கு ரசம் வேணுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் விரல்மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள்.

அந்த வெள்ளிக்கிழமை வீரபாண்டியில் கௌமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆற்றுப்படியில் உட்கார்ந்தார்கள். இல்லை, அவன் உட்கார்ந்தான். அவள் நின்றாள்.

"கல்யாணம் பண்ண இஷ்டமில்லன்னா நேராச் சொல்லியிருக்கலாம். சாமியக் கூப்பிட்டுத்தான் சொல்லணுமா?"

"உங்க சாமியும் அதான்னு எனக்குத் தெரியாது பவானி. பிச்சைமணி அண்ணன் கும்புடுற சாமியச் சொன்னேன்."

"அவரு சாமிய நீ எதுக்குச் சொல்ற? உன் சாமி எது?"

அவன் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு பேசியது வேறு யாரோ போல இருந்தது.

"எனக்குத் தெரியாது. இஞ்ச வரேக்க எனக்கு அஞ்சு வயசு. வீடு, கோயில் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டில அம்மாவோட இப்பிடித்தான் கதைக்கிறனான்," என்றான். அப்புறம் மறுபடியும் தேனிப் பேச்சுக்கு வந்தான். "மன்னார் பக்கம். தொண்ணூறுல வந்தோம். முகாம்லதான் இருக்கோம்."

எல்லாம் பொருந்தியது. மாதம் இரண்டு நாள் முகாமில் அதிகாரி ஆள் கணக்கெடுப்பார், நேரில் நிற்க வேண்டும். அவன் பேரில் வண்டி வாங்குவதும் சிம்கார்டு வாங்குவதும் பெரும்பாடு. அனுமதி வாங்காமல் செக்போஸ்ட் தாண்டினால் வம்பு. ஒவ்வொரு பூட்டுக்கும் அவனிடம் ஒரு சாவி இருந்தது. அதுவே அவளுக்கு உறுத்தியது. இத்தனை நாள் இவ்வளவு சுத்தமாக மறைத்தவன் இன்னும் எதையெல்லாம் மறைப்பான்?

"அங்கன சண்டையில இருந்தியா?" என்று கேட்டாள்.

"அஞ்சு வயசுலயா?"

"இல்ல, பெறகு. போயிட்டு வந்தியா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "பைபாஸ்ல அந்தப் போலீஸ்காரரும் இதத்தான் கேட்டாரு."

அவளுக்கு முகம் சுட்டது. ஆனால் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "அம்மாகிட்டச் சொல்லு. பங்காளி இல்லன்னு சொல்லு," என்றாள்.

"சொன்னா வீட்டுக்குள்ள விடுவாகளா?"

"சொல்லலன்னா நான் உனக்குத் தங்கச்சி. எது வேணும்?"

சிவராத்திரிக்கு முன்னால் சொல்லிவிடுவதாக ஒத்துக்கொண்டான்.

சொல்லவில்லை. தினமும் காலையில் வந்தான். முன்கட்டு முடிந்து கூடம் முடிந்தது. சங்கிலியம்மாள் அவனுக்கு இறந்துபோன கணவரின் வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சுருளிவேல் அவனை வேனில் ஏற்றிக்கொண்டு கம்பம் மார்க்கெட்டுக்குப் போனான். சுருளிவேல் போன மாதம்தான் ஈழத் தமிழர்களுக்காக பஸ் ஸ்டாண்டில் நடந்த உண்ணாவிரதத்தில் உட்கார்ந்திருந்தான். வேனின் பின்கண்ணாடியில் அந்த உண்ணாவிரத ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் வேலையையும் மகிழனே செய்தான்.

தெருவில் யார் சித்தப்பா, யார் மாமன், யார் வீட்டில் சாப்பிடலாம், யாரை எப்படிக் கேலி செய்யலாம் என்றெல்லாம் அவன் சங்கிலியம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். வேண்டியதற்கும் மேலேயே கேட்டான். ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவன், "எங்க கருப்பு கோயிலுக்கு இந்த வருசம் கூட்டம் சாஸ்தியா வரும்ணே," என்று சொல்வது பவானியின் காதில் விழுந்தது. எங்க.

கொல்லைப்பக்கம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தவனிடம் போனாள். "உனக்கு என்னயவிட அந்தக் கருப்பத்தான் புடிச்சிருக்கு."

அவன் மறுக்கவில்லை. "இந்தத் தெருவுல இப்ப என்னய யாரும் எந்த ஊருன்னு கேக்குறதில்ல பவானி. நான் வந்தா, வந்துட்டியாடாங்கிறாக. அவ்வளவுதான். எனக்கு அது புதுசு."

அவன் பொய் சொன்னபோதெல்லாம் வராத பயம் அவன் இதைச் சொன்னபோது அவளுக்கு வந்தது.

சிவராத்திரி அன்று மத்தியானம் பங்காளிகள் ஊர்ப்பொது மந்தையில் கூடினார்கள். கருப்பின் நகையும் அரிவாளும் வைத்த சாமிப்பெட்டியை அங்கிருந்து தோளில் சுமந்து, பொழுது சாய்வதற்குள் மலையடிவாரக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் பங்காளி தவிர யாரும் கை வைக்கக்கூடாது. மருமகன்கள்கூட எட்டித்தான் நிற்பார்கள். இன்று இவன் தோள் கொடுத்துவிட்டால் சாமி முன்னால் அண்ணன்தான், பிறகு எந்த உண்மையைச் சொல்லியும் அதை மாற்ற முடியாது. பவானி பெண்கள் கூட்டத்தில் பொங்கல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மகிழன் பவானி அப்பாவின் வேட்டியில் வந்திருந்தான். பிச்சைமணியும் வந்திருந்தார். அவர் மகிழனைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், பிறகு செருப்பைக் கழற்றுவதில் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஏலே மகிழா, எளந்தாரி நீ, முன்னத்தோள் நீதான்," என்றான் சுருளிவேல்.

மகிழன் இரண்டு எட்டு முன்னே போனான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். கை தொங்கியபடியே இருந்தது.

"நான் தொடக்கூடாதுங்க," என்றான்.

பூசாரி ஒச்சாண்டி திரும்பினார். "ஏன்டா, தீட்டா?"

அந்தச் சொல் அவனுக்கு ஒரு வாசல் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். உடனே நுழைந்தான். "ஆமாங்க. சித்தப்பா செத்துட்டாக."

"அப்பாகூடப் பொறந்தவுகளா?"

"ஆமாங்க."

"எப்ப?"

"இந்த மாசம்."

தான் நுழைந்தது வாசல் இல்லை என்று மகிழனுக்கு ஒச்சாண்டியின் முகம் பார்த்த பிறகே புரிந்தது. பங்காளி ஒருவன் செத்தால் அத்தனை பங்காளிக்கும் தீட்டு. பெட்டியைத் தூக்க முடியாது, கோயிலைத் திறக்க முடியாது. ஒரு பெண் பொங்கல் பானையைத் தரையில் இறக்கி வைத்தாள். பின்னாலேயே மற்றவர்களும் இறக்கினார்கள்.

"பிச்சைமணி, உங்க வகையறாவுல சாவு விழுந்திருக்கு. மறைச்சுட்டு வந்து நிக்கிறியாக்கும்?" என்றார் ஒச்சாண்டி.

"எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமா எங்கள்ல யாரும் சாகல."

"பெறகு இவன் யாரு?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மகிழன் பவானியைப் பார்த்தான். அவள் ஒரு ஜாடையும் காட்டவில்லை. அவனே என்ன செய்கிறான் என்று அவள் பார்க்க வேண்டும்.

"உங்க யாருக்கும் தீட்டு இல்லைங்க. நான் பங்காளி இல்ல. முகாம்ல இருக்கேன், சிலோன்லருந்து வந்தவன். பொய் சொல்லிட்டேன்."

ஒச்சாண்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பெட்டியத் தொட்டியா?"

"தொடல."

"தொடலல்ல. அப்பச் சரி. தூக்குங்கடா." அவர் கூட்டத்தைக் கிளப்பினார்.

சுருளிவேல் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினான். "முகாம் பயலையா வீட்டுக்குள்ள விட்டோம்? நாளைக்கு எவன் எவன் விசாரிக்க வருவானோ."

"நீ அவுகளுக்காக உண்ணாவிரதம் இருந்தவந்தானண்ணே," என்றாள் பவானி.

"அது அங்கன சாகுறவுகளுக்குத்தான். இங்கன வந்து சோறு திங்கிறவனுக்கா?" சொல்லிவிட்டு அவன் பெட்டிக்குப் பின்னால் ஓடினான்.

பிச்சைமணி மகிழனிடம் கையை நீட்டினார். குரல் தாழ்ந்திருந்தது. "வண்டிச் சாவியக் குடுத்துருப்பா. என் பேருல இருக்கு. நாளப்பின்ன எனக்கு வம்பு."

மகிழன் சாவியைக் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தான்.

சங்கிலியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் எல்லாம் அவன் தலையோடு போயிருக்கும். "தெரியும்," என்றாள் பவானி.

"எதுக்குடீ மறச்ச?" கேட்ட பிறகுதான் சங்கிலியம்மாளுக்குப் பதில் விளங்கியது. மகளை முதல் தடவையாகப் பார்க்கிறவள்போல் மேலும் கீழும் பார்த்தாள். பவானி பானையை அவள் காலடியில் வைத்துவிட்டு நடந்தாள். பின்னாலிருந்து அம்மா ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் மகிழன் வேட்டியை மடித்துக் கட்டாமல் நின்றான்.

"சித்தப்பா செத்தது நெசமா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"அவுககிட்டருந்து போன் நின்னு மூணு வாரம் ஆச்சு. அவுக இருந்த எடத்துல குண்டு விழுந்துச்சுன்னு சொன்னாக. அம்மா அழுகுது. ஆனா செத்துட்டாகன்னு யாரும் சொல்லல."

அவள் அவன் கண்ணையும் வாயையும் கவனித்தாள். கவனிக்கிறோம் என்பதும் தெரிந்தது. இனி நெடுநாள் இப்படித்தான் பார்ப்போம் என்றும் தோன்றியது.

"மகிழன்ங்கிறதாவது உன் பேரா?"

"அது மட்டும் என்னோடது."

கம்பம் பஸ் வந்து நின்றது. அவன் ஏறினான். அவளும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"நீ எங்க?" என்றான் அவன்.

"நீ எறங்குற எடத்த நான் பாக்கணும். நீ சொல்றத மட்டும் வச்சு இனிமே ஒண்ணையும் நம்ப மாட்டேன்."

கண்டக்டர் வந்தார். எப்போதும் முகாமுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து போகிறவன், "முகாம் ஸ்டாப், ரெண்டு," என்றான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பவானியையும் அதே மாதிரி பார்த்தார்.